எந்த ஷாக்வேவ் எடுத்தீர்கள்?

"ஷாக்வேவ் ஆறு சிட்டிங் எடுத்தாச்சு, ஒரு பிரயோஜனமும் இல்லை" என்று சொல்லிக்கொண்டே தீராத வலியோடு உள்ளே வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "மெஷின் எப்படிச் சத்தம் போட்டது?" என்றுதான். ஷாக்வேவ் என்பது வலிக்கும் இடத்தில் கருவியை வைத்து, தோல் வழியாக அழுத்த அலையைச் செலுத்தும் சிகிச்சை. சிலர் சிரித்துவிடுவார்கள். ஆனால் அந்தப் பதிலில் பாதி விஷயம் கிடைத்துவிடும். சுவரில் துளை போடுவதுபோல டகடகவென்று அதிர்ந்தது என்றால், அது ரேடியல், அதாவது அலை விரிந்து பரவும் வகை. நிதானமாக டிக், டிக் என்று தட்டியது, தோலில் பெரிதாகத் தெரியவில்லை, உள்ளேதான் சுரீரென்றது என்றால், பெரும்பாலும் ஃபோகஸ்டு, அலை ஒரு இடத்தில் குவியும் வகை. பில்லில் இரண்டுக்குமே 'ஷாக்வேவ்' என்றுதான் எழுதியிருக்கும். உடம்புக்குள் இரண்டும் செய்வது ஒன்றல்ல.

முதலில் ஒன்று: இதில் கரண்ட் ஷாக் கிடையாது. பெயரைக் கேட்டே கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். உடம்புக்குள் போவது ஒரு அழுத்த அலை, அவ்வளவுதான். 1980இல் ஜெர்மனியின் மியூனிக்கில் சிறுநீரகக் கல்லை உடைக்க இந்த அலையை மனிதர்களுக்கு முதன்முதலில் பயன்படுத்தினார்கள். எலும்பு, தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) பக்கம் அது வந்தது பிற்பாடு. அதனால், தசைநாணில் கால்சியம் படிந்தவர்களிடமிருந்து "கால்சியத்தை உடைச்சுருவீங்களா?" என்ற கேள்வி இன்றும் வருகிறது. தசைநாணில் நடப்பது உடைக்கும் வேலை அல்ல. அலை தரும் இயந்திரத் தூண்டலுக்குச் செல்கள் எதிர்வினை காட்டுகின்றன. புது ரத்தக் குழாய்கள் வளர்வதற்கான சமிக்ஞைகள் கிளம்புகின்றன, வலி நரம்புகளின் முனைகள் கொஞ்சம் அடங்குகின்றன. கால்சியப் படிவு கரைந்தாலும், பெரும்பாலும் உடம்பே மெல்ல உறிஞ்சிக்கொள்வதால்தான்.

ரேடியல் கருவியின் கைப்பிடிக்குள் ஒரு குழாய், அதற்குள் ஒரு சிறிய உலோகக் குண்டு. காற்றழுத்தம் அந்தக் குண்டைத் தள்ளும், அது முனையில் போய் மோதும், அந்த மோதல் தோலுக்குள் இறங்கும். குளத்தில் கல் விழுந்தால் அலை விரிவதுபோல இதுவும் விரிந்துகொண்டே போகும். தோலின் மேல்தான் உச்ச சக்தி, உள்ளே போகப் போகக் குறையும். 3, 4 சென்டிமீட்டரைத் தாண்டினால் பெரிதாக எதுவும் மிஞ்சாது. இயற்பியல்காரர்கள் இதை ஷாக்வேவ் என்றே ஒப்புக்கொள்வதில்லை, வெறும் அழுத்த அலை என்பார்கள்.

ஃபோகஸ்டு வகை நேர் எதிர். பூதக்கண்ணாடி வெயிலை ஒரு புள்ளியில் குவிப்பதுபோல, அலை உள்ளே ஒரு இடத்தில் போய்ச் சேர்கிறது. தோலில் சக்தி குறைவு, குவியும் இடத்தில் அதிகம். கருவியைப் பொறுத்து 10 சென்டிமீட்டர் ஆழம்கூடப் போகலாம். தண்ணீருக்குள் மின்பொறி, மின்காந்தச் சுருள், பீசோ படிகங்கள் என்று அலையை உண்டாக்க மூன்று வழிகள் உண்டு. விற்பனைப் பிரதிநிதிகள் இந்த மூன்றையும் வைத்து நாள் முழுக்க விவாதிப்பார்கள். வலியோடு வருபவர் அதில் தலையை விட வேண்டியதில்லை.

குழப்பம் வருவது எண்களில்தான். ஒருவர் கருவித் திரையைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார். "போன இடத்தில் 4 பார் வெச்சாங்க, நீங்க 2தான் வைக்கிறீங்க?" பார் என்பது குண்டைத் தள்ளும் காற்றின் அழுத்தம், உங்கள் தசைநாணுக்குப் போய்ச் சேரும் சக்தி அல்ல. ஃபோகஸ்டு கருவியில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை மில்லிஜூல் என்று கணக்கிடுவார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

இதை நானே அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் என்னிடம் இருந்தது ரேடியல் மட்டும். தோளில் கால்சியப் படிவோடு ஒருவர் வந்தார், உடற்பயிற்சி செய்து புஜம் நன்றாகத் திரண்டவர். வாரா வாரம் அழுத்தத்தை ஏற்றினேன், அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். ஐந்தாவது சிட்டிங்கில் தோல் கன்றிச் சிவந்ததே தவிர, கை மேலே போகவில்லை. ஸ்கேனை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது: அந்தத் தடித்த தசைக்கு அடியில் கிடந்த படிவுக்கு என் அலை சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கவே வழியில்லை. ஃபோகஸ்டு கருவி வைத்திருந்த இன்னொருவரிடம் அனுப்பிவைத்தேன்.

அதற்காக ஃபோகஸ்டுதான் உசத்தி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குதிகால் வலி, டென்னிஸ் எல்போ எனும் முழங்கை வலி, முட்டிச்சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண், குதிகாலுக்குப் பின்னால் உள்ள அக்கிலிஸ் எல்லாம் தோலுக்கு அருகில் இருப்பவை. அங்கே ரேடியலே பெரும்பாலும் போதும். ஆழத்தில் இருக்கும் கால்சியப் படிவு, சேராத எலும்பு முறிவு என்றால் ஃபோகஸ்டு பக்கம்தான் போக வேண்டும். தோள் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, தோள் தசைநாண் வலிக்கு ஷாக்வேவால் கிடைக்கும் பலன் சொற்பம் என்றே சொன்னது. கால்சியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே முடிவுதான். கால்சியம் இல்லாத தோளுக்கு நான் இப்போது இதை எடுப்பதில்லை.

மூட்டுத் தேய்மானத்துக்கும் கேட்கிறார்கள். சிலருக்குக் கொஞ்ச காலம் வலி குறையலாம். தேய்ந்த குருத்தெலும்பு இதனால் வளர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள்.

வழக்கமாக வாரம் ஒன்றாக 3 முதல் 5 சிட்டிங், ஒவ்வொன்றிலும் சுமார் 2000 தட்டுகள். வலி கொஞ்சம் இருக்கும், இருக்கவும் வேண்டும். நீங்கள் விரலை வைத்து "இங்கேதான்" என்று காட்டுவதை வைத்துத்தான் நான் கருவியை நகர்த்துகிறேன். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுச் செய்தால் பலன் குறைகிறது என்று குதிகால் வலி ஆய்விலேயே பார்த்திருக்கிறார்கள். முழுப் பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும், இரண்டாவது சிட்டிங்கிலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். கர்ப்பமாக இருந்தால், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால், அந்த இடத்தில் புற்றுநோய் இருந்தால், சமீபத்தில் அங்கே ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால், படுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நுரையீரலுக்கு மேலும், வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனிகளிலும் இதை வைப்பதில்லை.

போன மாதம் குதிகால் வலியோடு ஒரு அம்மா வந்தார். முதல் சிட்டிங் முடிந்ததும் ஒரு துண்டைச் சுருட்டிப் படியின் விளிம்பில் வைத்து, கால்விரல்களை அதன்மேல் ஊன்றி நிற்கச் சொன்னேன். மூன்று எண்ணுவதற்குள் குதிகாலை உயர்த்தி, இரண்டு எண்ணும் வரை நிறுத்தி, மறுபடி மூன்று எண்ணி இறக்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

"இதுவே வைத்தியம்னா மெஷின் எதுக்கு?" என்றார்.

"காலையில் கட்டிலைவிட்டு இறங்கும்போது முதல் பத்து அடி எப்படி இருக்கும்?"

"உயிர் போகும்."

"அந்த வலியோடு இந்தத் துண்டின்மேல் எத்தனை நாள் நிற்பீர்கள்?"

பதில் சொல்லாமல் துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அது என் துண்டு.