கொம்புக் கைப்பிடிச் சவரக் கத்தி: சுத்தம் செய்யும் முன் கைப்பிடியைப் பாருங்கள்

பழைய சவரக் கத்திகளைச் சீர்செய்வது என் தொழில். என் மேசைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் சோலிங்கனிலும் பிறந்தவை. வேட் அண்ட் புட்சர், ஜோசப் ராட்ஜர்ஸ் போன்ற முத்திரைகளை அடிக்கடி பார்க்கிறேன். பல பத்தாண்டுகள் பெட்டியில் கிடந்து ஏறிய துருவைவிட, வாங்கியவர் ஆர்வத்தில் ஒரே நாளில் செய்த சுத்தம்தான் இவற்றை அதிகம் கெடுத்திருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் அலகைப் பார்க்கிறார்கள். நீங்கள் கைப்பிடியைப் பாருங்கள். கொம்பு என்று சொல்லி விற்கப்படுபவை எல்லாம் கொம்பு அல்ல. 1870களில் சந்தைக்கு வந்த செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக், கொம்பையும் தந்தத்தையும் ஆமையோட்டையும் அச்சு அசலாகக் காட்டியது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உண்மையான கொம்பில் மெல்லிய நார்க் கோடுகள் நீளவாக்கில், ஒழுங்கில்லாமல் ஓடும். செல்லுலாய்டைக் கட்டைவிரலால் சூடேறத் தேய்த்தால் கற்பூர வாசனை வரும். அதைச் செய்யும்போதே கற்பூரம் சேர்க்கிறார்கள். கொம்பைச் சுரண்டினால் முடி கருகிய நெடி. முடி, நகம் போலவே கொம்பும் கெரட்டின் என்ற புரதம்தான்.

ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திப் பார்க்கும் சோதனையை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். செல்லுலாய்டு நைட்ரோசெல்லுலோஸால் ஆனது, குப்பென்று தீப்பற்றும். கையில் பிடித்திருக்கும் பொருள் எரிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

தீப்பற்றாவிட்டாலும் செல்லுலாய்டு முதுமையில் அழுகும். அப்போது வெளிவரும் அமில ஆவி இரும்பைத் தின்னும். கத்தியின் மற்ற இடமெல்லாம் பளிச்சென்று இருக்க, மடக்கும்போது கைப்பிடிக்குள் போகும் பகுதியில் மட்டும் துரு அடர்ந்திருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். அப்படிப்பட்ட கைப்பிடியைக் காப்பாற்ற முடியாது. கழற்றி அப்புறப்படுத்த வேண்டும். மற்றக் கத்திகளோடு ஒரே பெட்டியில் வைத்தால் அவையும் துருப்பிடிக்கும்.

உண்மையான கொம்பு என்று உறுதியானால், அடுத்த எதிரி தண்ணீர். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் கொம்பு அடுக்கடுக்காகப் பிரியும், காயும்போது முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய கைப்பிடிக்குள் கத்தி நேராக இறங்காது, கூர் உள்பக்கத்தில் உரசி மழுங்கும். நிமிர்த்த வழி இருக்கிறது. கைப்பிடியைத் தனியே கழற்றி, வெந்நீரில் சில நிமிடங்கள் இளக்கி, இரண்டு தட்டைப் பலகைகளுக்கு இடையில் இறுக்கி, ஆறி உலரும்வரை விட வேண்டும்.

கழற்றுவதுதான் கைத்திறன் கேட்கிற இடம். கைப்பிடியின் இரு பாதிகளையும் பிடித்திருப்பது சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் பருமனுள்ள பித்தளை ஆணி. அதன் தலை, குட்டி வாஷர்மேல் அடித்துப் பரப்பப்பட்டிருக்கும். குறட்டால் பிடுங்கினால் துளையிலிருந்து கொம்பு நீளவாக்கில் வெடிக்கும். நான் தலையை மெல்லிய அரத்தால் வாஷர் மட்டம்வரை ராவிவிட்டு, பின்னால் சிறு மரத்துண்டு கொடுத்து ஆணியைத் தள்ளுவேன். திரும்பப் பூட்டும்போது மிகச் சிறிய சுத்தியலால் தட்டித் தட்டித்தான் தலையைப் பரப்ப வேண்டும். ஓங்கி ஓர் அடி விழுந்தால் அதுவரை செய்த வேலையெல்லாம் வீண்.

பழைய ஷெஃபீல்டு கத்திகள் பலவற்றில், கைப்பிடியின் வால் பக்கம் இரு பாதிகளுக்கும் நடுவே சாம்பல் நிற ஆப்பு இருக்கும். அது ஈயம். நகம் பட்டாலே கீறல் விழும். அதன்மேல் உப்புத்தாள் போடாதீர்கள். தொட்டபின் கையைக் கழுவுங்கள். கொம்பைத் தேய்க்கும்போதும் முகக்கவசம் அவசியம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

இனி அலகு. மோட்டாரில் சுழலும் மெருகுச் சக்கரத்தில் பிடித்தால் ஐந்தே நிமிடத்தில் கண்ணாடியாக மின்னும். கூடவே பதமும் போய்விடும். கூர்ப்பகுதி அத்தனை மெல்லியது, சூடு கண நேரத்தில் ஏறும். இரும்பில் வைக்கோல் நிறம் தட்டும்போதே கடினம் குறையத் தொடங்கியிருக்கும். சுமார் 300 டிகிரி செல்சியஸில் நீலம் பாரித்துவிட்டால் அந்தக் கூர் சவரத்துக்கு நிற்காது. தவிர, சக்கரம் கத்தியைப் பறித்து வீசினால் அது எங்கே பாயும் என்று யாரும் சொல்ல முடியாது. எண்ணெய் தடவிய நுண் உப்புத்தாளால் கையாலேயே தேயுங்கள், அலகுக்கும் கைப்பிடி ஆணிக்கும் இடையிலுள்ள பகுதியில் இருக்கும் முத்திரையைத் தொடாமல். 1890ஆம் ஆண்டு அமெரிக்கச் சுங்கச் சட்டத்துக்குப் பிறகு, அங்கே ஏற்றுமதியான பொருள்களில் நாட்டின் பெயர் கட்டாயமானது. ஆகவே ‘இங்கிலாந்து’ என்ற சொல் முத்திரையில் இருக்கிறதா இல்லையா என்பதே காலத்தைக் கணிக்க உதவும். தேய்த்து அழித்தால் அந்தச் சான்றும் போய்விடும்.

முகத்தில் வைக்கும் முன் கிருமி நீக்கம் கட்டாயம். கொதிக்க வைப்பதும் பிளீச்சிங் கரைசலும் கொம்புக்கும் இரும்புக்கும் கேடு. 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் அலகை மட்டும் துடையுங்கள். கொம்புக் கைப்பிடியை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவியில்) வைக்க முடியாது என்பதால், சவரக் கடையில் பலருக்குப் பயன்படுத்த இந்தக் கத்தி உகந்ததல்ல. ஒருவருக்கு ஒன்று என்றே வைத்துக்கொள்ள வேண்டும். துருதான் டெட்டனஸுக்குக் காரணம் என்பது தவறு. அது மண்ணிலும் அழுக்கிலும் வாழும் பாக்டீரியாவால் வருவது. ஆனாலும் பழைய கத்தி கையைக் கிழித்து, தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வைத்திருப்பவர்கள் தோல் உறைக்குள் அடைக்க வேண்டாம்; தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அலகில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு பூச்சு போதும். கொம்பில் சிறு குழிகளும் பக்கத்தில் தூளும் தெரிந்தால் கம்பள வண்டின் புழு அரிக்கிறது என்று பொருள். கத்தியைக் காற்றுப் புகாத பையில் போட்டு, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டால் குளிர்ந்த அலகில் ஈரம் படிந்து மறுபடியும் துரு ஏறும்.