கேள்வி கேட்டுவிட்டு ஒரு வாய் தண்ணீர்

ஆசிரியர் பயிற்றுநர் வேலையில் எனக்குப் பிடித்த இடம் கடைசி பெஞ்சு. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் வட்டார வளமையத்திலிருந்து பள்ளிக்குப் போனால், பதிவேடுகளைப் பார்த்து முடித்ததும் ஏதாவது ஒரு வகுப்பில் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வேன். குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு என்று 14 ஆண்டுகளாக இப்படித்தான்.

செப்டம்பர் 5, ஆசிரியர் தினம் நெருங்கினால் இளம் ஆசிரியர்கள் யாராவது கேட்பார்கள்: "சார், பசங்க மனசுல நிக்கிற வாத்தியாரா இருக்கணும்னா என்ன செய்யணும்?" அந்த நாளில் பிறந்த ராதாகிருஷ்ணன் நம் வேலூர் ஊரீஸ் கல்லூரியில் படித்தவர். 1921-ல் அவர் மைசூரை விட்டுக் கல்கத்தா கிளம்பியபோது, பூ அலங்கரித்த வண்டியில் உட்கார வைத்து மாணவர்களே ரயில் நிலையம்வரை இழுத்துப் போனார்கள். இதைக் கேள்விப்பட்டவர்கள் மலைத்துப்போய், பேச்சுத் திறமை வேண்டும், கதை சொல்லத் தெரிய வேண்டும், பாட வேண்டும் என்று அடுக்குவார்கள். இருந்தால் நல்லதுதான். ஆனால் பிள்ளைகள் உயிராக நினைக்கிற ஆசிரியர்கள் பலருக்குப் பாட வராது, மேடையில் ஏறினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது ஒரு சின்னப் பழக்கம். கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருப்பார்கள்.

குடியாத்தம் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. ஆறாம் வகுப்பு, சாப்பாட்டுக்குப் பிறகு முதல் பீரியட். ஏப்ரல் மாதத்து வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மின்விசிறி சுற்றியும் அனல்தான். டீச்சர் பலகையில் 1000-ஐ 25-ஆல் வகுக்க எழுதிவிட்டு, "எத்தனை வரும்?" என்றார். முன் வரிசையில் நான்கு கை உயர்ந்தது. அவர் யாரையும் கூப்பிடவில்லை. சாக்பீஸை மேசையில் வைத்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். மெதுவாக மூடியைத் திருகினார். வகுப்பு அமைதியாக இருந்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண், அதுவரை தலையே நிமிராதவள், யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்: "நாப்பது கட்டு."

டீச்சருக்குக் கேட்டுவிட்டது. "என்னம்மா சொன்ன? இன்னொரு தரம் சொல்லு."

"நாப்பது கட்டு டீச்சர். நாலு கட்டு போட்டா நூறு. அப்போ ஆயிரத்துக்கு நாப்பது."

அவள் அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறவர். முறத்தை மடியில் வைத்து இலை வெட்டிச் சுற்றி, 25 பீடியை ஒரு கட்டாகக் கட்டுவார்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டுக் கணக்கு அது. டீச்சர் "சரி, கட்டு கணக்கு" என்று பலகையில் தலைப்பே போட்டு, அன்று மீதிக் கணக்கு எல்லாவற்றையும் அந்தப் பெண்ணின் வழியிலேயே போட வைத்தார். பீரியட் முடிவதற்குள் அவள் மூன்று தடவை கையைத் தூக்கிவிட்டாள். முதல் கை உயர்ந்தவுடனே டீச்சர் பதிலை வாங்கியிருந்தால், அந்த நாற்பது அவள் வாய்க்குள்ளேயே இருந்திருக்கும்.

நான் அப்படிக் காத்திருந்தவன் இல்லை. பயிற்றுநர் ஆவதற்கு முன் கணக்கு ஆசிரியராக இருந்தபோது, கேள்வி கேட்ட மூச்சிலேயே பதிலையும் நானே சொல்லிவிடுவேன். பாடம் விறுவிறுப்பாகப் போகிறது என்று நினைப்பு. ஒருநாள் சக ஆசிரியர் ஒருவர் வகுப்பைப் பார்த்துவிட்டு வந்து, "சார், பத்துக் கேள்வி கேட்டீங்க, எட்டுக்கு நீங்களே பதில் சொல்லிட்டீங்க" என்றார். அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. எத்தனை பிள்ளைகள் வாயைத் திறக்க வந்து மூடியிருப்பார்கள் என்ற நினைப்பு இன்றும் உறுத்துகிறது.

இதை முறையாக அளந்தவர் மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர். 1970-களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்ததில், கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடிதான் என்று கண்டார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, பிள்ளைகளே கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள், மக்கு என்று ஒதுக்கப்பட்டவர்களும் பேசினார்கள். இன்னொன்றையும் அவர் கவனித்தார். கெட்டிக்காரப் பிள்ளை என்று ஆசிரியர் நினைத்து வைத்திருப்பவருக்குக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. யோசிக்க அதிக நேரம் தேவைப்படுகிற பிள்ளைக்குக் குறைவாகக் கிடைக்கிறது.

நம் நன்னூல் இதைத் தன் வழியில் சொல்லி வைத்திருக்கிறது. ஆசிரியராக இருக்கத் தகாதவர்களுக்குப் பவணந்தி முனிவர் சொல்லும் உவமைகளில் ஒன்று முடத்தெங்கு. ஒருவர் தண்ணீர் ஊற்றி வளர்க்க, வளைந்துபோய் அடுத்த வீட்டுக்காரருக்குக் காய் கொடுக்கிற தென்னை. முன் வரிசைப் பக்கமே சாய்ந்து பாடம் நடத்துகிற ஒருவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மரம்தான் ஞாபகம் வரும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால் அந்தச் சாய்வு நன்றாகவே தெரியும்.

காத்திருந்தால் மட்டும் போதுமா? பயம் இருக்கிற இடத்தில் பத்து விநாடி காத்திருந்தாலும் பதில் வராது. அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு தடை செய்கிறது. பிரம்பு குறைந்துவிட்டது. ஆனால் தப்பான பதிலுக்கு வகுப்பே சிரிக்கும்போது ஆசிரியரும் கூடச் சிரிப்பதை இன்னமும் பார்க்கிறேன். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வாய் திறக்கப் பல மாதம் ஆகும்.

இதன் மறுபக்கம், தனக்குத் தெரியாததை ஆசிரியர் ஒப்புக்கொள்வது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வேலூர்க் கோட்டைக்கு அழைத்துப் போன ஒரு சாரோடு நானும் போயிருந்தேன். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியைச் சொல்லி முடித்து, ஜலகண்டேஸ்வரர் கோயிலை ஆயுதக் கிடங்காக வைத்திருந்த காலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பையன் கேட்டான்: "அப்போ சாமி எங்க சார் இருந்துச்சு?"

சார் ஒரு நிமிடம் கோபுரத்தைப் பார்த்தார். "எனக்குத் தெரியலடா. நான் விசாரிச்சுட்டு வர்றேன். நீங்களும் வீட்ல பெரியவங்களைக் கேளுங்க."

திங்கட்கிழமை அந்தப் பையன் பதிலோடு வந்தான். லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது, 1981-ல்தான் கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள், பாட்டி கூட்டத்தோடு போய்ப் பார்த்தார்களாம். சார் அவனைப் பலகை அருகே நிறுத்திச் சொல்லச் சொன்னார். அவன் இடத்தில் தான் போய் உட்கார்ந்து கேட்டார். அவரும் விசாரித்து வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். அவன் பேசி முடிக்கும்வரை அதைக் காட்டிக்கொள்ளவே இல்லை.

ஆசிரியர்கள் சொல்லும் குறை எனக்குப் புரியாமல் இல்லை. பாடம் முடிக்க வேண்டும், பள்ளி விவரங்களை எமிஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டும், காத்திருக்க நேரம் எங்கே என்கிறார்கள். ஒரு பீரியடில் 15 கேள்வி கேட்டால், கேள்விக்கு மூன்று விநாடி வைத்தாலும் மொத்தம் 45 விநாடி. வருகைப் பதிவு எடுக்க அதைவிட அதிக நேரம் ஆகிறது. கஷ்டம் நேரத்தில் இல்லை, அமைதியில் இருக்கிறது. வகுப்பு சும்மா இருந்தால் நமக்குக் கை பரபரக்கிறது, கேள்வியையே மறுபடி சொல்கிறோம், குறிப்பு கொடுக்கிறோம், "யாருக்கும் தெரியாதா?" என்று அதட்டுகிறோம்.

அதனால் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் மனதுக்குள் எண்ணச் சொல்வதை விட்டுவிட்டேன். யாரும் மூன்றுவரை எண்ணுவதில்லை. குடியாத்தம் டீச்சரின் பாட்டிலைத்தான் சொல்கிறேன். கேள்வியைக் கேளுங்கள், சாக்பீஸைக் கீழே வையுங்கள், ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். மூடியை முழுக்கத் திருகிய பிறகு நிமிர்ந்து பாருங்கள், முதலில் பின் பெஞ்சை.