பாகு இளகியது, வெட்டு தெரிந்தது

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் நொதி பாக்டீரியாவில் இருக்கிறது என்று படிக்கிறோம். நொதியும் கண்ணுக்குத் தெரியாது, அது போடும் வெட்டும் தெரியாது. பிறகு எப்படிக் கண்டுபிடித்தார்கள்?” பாடநூல் ஒரே வரியில் தாண்டிப் போகும் இடத்தில் நின்று கேட்டிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான்.

பின்னணியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பாக்டீரியாவையும் வைரஸ்கள் தாக்கும். அவற்றுக்குப் பேஜ் என்று பெயர். ஒரு வகை பாக்டீரியாவில் செழித்த பேஜ், அதன் நெருங்கிய உறவான இன்னொரு வகையில் சுருண்டு போவதை 1950களின் தொடக்கத்திலேயே சால்வடார் லூரியா உள்ளிட்டோர் கவனித்தார்கள். நுழைந்த டி.என்.ஏ. துண்டாக்கப்படுகிறது என்பதை 1960களில் ஜெனீவாவில் வெர்னர் ஆர்பர் காட்டினார். பேஜை மட்டுப்படுத்துவதால் ‘ரெஸ்ட்ரிக்‌ஷன்’ நொதி. 1968இல் மெசல்சன், யுவான் என்ற ஆய்வாளர்கள் ஈ.கோலை என்ற பாக்டீரியாவிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். ஆனால் அது எங்கே வெட்டும் என்று சொல்ல முடியவில்லை.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹாமில்டன் ஸ்மித் இந்த நொதியைத் தேடவே இல்லை. ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயென்சே என்ற பாக்டீரியா வெளியே கிடக்கும் டி.என்.ஏ.வை உள்ளே இழுத்துத் தன்னுடையதோடு சேர்த்துக்கொள்ளும். அது எப்படி என்பதே அவருடைய ஆய்வு. அவருடைய மாணவர் கென்ட் வில்காக்ஸ், பி22 என்ற பேஜின் டி.என்.ஏ.வை அந்த பாக்டீரியாவுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப எடுக்கப் பார்த்தார். கிடைக்கவில்லை. சோதனை சொதப்பிவிட்டது என்று குப்பையில் போட்டிருக்கலாம். உள்ளே போனதை ஏதோ வெட்டியிருக்குமோ என்று இருவரும் சந்தேகப்பட்டார்கள்.

சந்தேகத்தைச் சோதித்த விதம்தான் அழகு. தூய டி.என்.ஏ. கரைசலில் கண்ணாடிக் குச்சியை நனைத்துத் தூக்கினால், கம்பிப் பதத்தில் இருக்கும் வெல்லப்பாகு போல இழுபடும். மூலக்கூறுகள் மிக நீளமான நூல்கள். ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு நகர மறுப்பதால்தான் அந்தப் பாகுத்தன்மை. கரைசலை மெல்லிய கண்ணாடிக் குழாய் வழியே இறங்கவிட்டு, எத்தனை வினாடி ஆகிறது என்று அளப்பதே பாகுநிலைமானி. இப்போது நூலின் நடுவில் ஒரே ஒரு வெட்டு விழட்டும்: நீளம் பாதியாகிவிடும், சிக்கு தளரும், கரைசல் விரைந்து இறங்கும். அதே நூலை ஒரு நொதி நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்தால் நீளம் அவ்வளவாகக் குறையாது. இறங்கும் நேரமும் பெரிதாக மாறாது. ஆக, நடுவில் விழும் ஒரு சில வெட்டுகளைக்கூட இந்த எளிய குழாய் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு பாகுநிலைமானிகளை வைத்தார்கள். ஒன்றில் பி22 பேஜின் டி.என்.ஏ.; மற்றதில் ஹீமோஃபிலஸின் சொந்த டி.என்.ஏ. இரண்டிலும் உடைத்த ஹீமோஃபிலஸ் செல்களின் சாற்றைச் சேர்த்து அளந்துகொண்டே இருந்தார்கள். பேஜ் டி.என்.ஏ. இளகிக்கொண்டே போனது. சொந்த டி.என்.ஏ. இம்மியும் அசையவில்லை. ஒரே சாறு அந்நியனை வெட்டுகிறது, தன்னுடையதைத் தொடுவதில்லை! வாக்களித்தவர் விரலில் மை வைப்பதுபோல பாக்டீரியா தன் டி.என்.ஏ.வின் உரிய இடங்களில் மெத்தில் என்ற சிறு வேதிக் குறி வைத்திருக்கிறது. குறியைக் கண்டால் நொதி விலகிவிடும்.

அந்தச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த நொதிதான் 1970இல் வெளியான ஹிண்ட்-2. டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளால் ஆன இரட்டை இழை. நொதி தேடும் சொற்களில் ஒன்று ஜி-டி-டி-ஏ-ஏ-சி. எதிர் இழையில் இதற்கு நேராக சி-ஏ-ஏ-டி-டி-ஜி இருக்கும். அதை வலமிருந்து இடமாகப் படித்துப் பாருங்கள், அதே சொல். நம் புலவர்கள் மாலைமாற்று என்று பாடியது ஒரே வரியில். இங்கே இரண்டு இழைகளுக்கு நடுவே.

அடுத்த ஆண்டே இந்த நொதிகளைக் கொண்டு டேனியல் நேதன்ஸ் எஸ்.வி.40 வைரஸின் டி.என்.ஏ.வைப் பதினோரு துண்டுகளாகப் பிரித்துக் காட்டினார். 1978இல் ஆர்பர், ஸ்மித், நேதன்ஸ் மூவருக்கும் நோபல் பரிசு. பாக்டீரியா தயாரிக்கும் மனித இன்சுலின் 1982இல் மருந்தாக வந்தது. அதற்கான மரபணுவை ஒட்டவும் இப்படிப்பட்ட நொதிகளே கத்தரியாக உதவின. ‘இதனால் என்ன பயன்?’ என்று 1968இல் ஸ்மித்தைக் கேட்டிருந்தால் இன்சுலின் என்று அவரால் சொல்லியிருக்க முடியாது. நம் நாடு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதம்கூட ஆராய்ச்சிக்குச் செலவிடுவதில்லை. அந்தச் சிறு தொகைக்கும் பயனை முன்கூட்டியே எழுதித் தரச் சொல்வது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இன்று தேடும் வழி வேறு. வெட்டும் நொதிகளின் மரபணுக்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று சாயலே இல்லாதவை. கணினியில் தேடினாலும் எளிதில் அகப்படாது. மெத்தில் குறி வைக்கும் நொதிகளுக்கோ குடும்பச் சாயல் உண்டு. வெட்டுபவன் இருக்கும் இடத்தில் காப்பவனும் இருந்தாக வேண்டும், பெரும்பாலும் அடுத்தடுத்தே இருப்பார்கள். ஆகவே மெத்தில் மரபணுவைக் கண்டுபிடித்து, பக்கத்து வீட்டில் யார் என்று பார்க்கிறார்கள்.

அந்தப் பக்கத்து மரபணு தரும் புரதத்தை 48,502 இணை எழுத்துகள் கொண்ட லாம்டா பேஜ் டி.என்.ஏ.வோடு கலந்து, ஒரு மணி நேரம் சூட்டில் வைத்து, துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் அகரோஸ் ஜெல்லில் மின்சாரம் செலுத்தி ஓடவிடுவார்கள். புற ஊதா விளக்கைப் போட்டதும் தடம் முழுக்க மங்கலாக இழுபட்டிருந்தால், அது கண்டபடி வெட்டும் சாதாரண நொதி. கறுத்த ஜெல்லில் ஆரஞ்சு நிறக் கோடுகள் ஒவ்வொன்றும் கத்தியால் கீறியதுபோல் தனித்தனியே நின்றால், தேடியது கிடைத்துவிட்டது.