குடிமராமத்து: இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், எங்கிருந்து வந்துச்சு?

2017-ல தமிழ்நாடு அரசு குடிமராமத்துங்கற பேர்ல ஒரு திட்டம் கொண்டுவந்ததுல இருந்து இந்த வார்த்தை எல்லார் காதுலயும் விழுது. ஆனா நிறைய பேர் இதுக்கு ஏரியில தூர்வாருறதுன்னு மட்டும்தான் அர்த்தம் வச்சிருக்காங்க. தூர்வாருறது அதுல ஒரு பங்கு, அவ்வளவுதான்.

சொல்லைப் பிரிச்சுப் பாப்போம். குடின்னா இங்க ஊர்ல குடியிருக்கற மக்கள், அது நம்ம சொல், சங்கப் பாட்டுலயே இருக்கு. மராமத்து அரபியில இருந்து வந்தது, மரம்மத்துன்னா பழுதுபாக்குறது, பாரசீகம் உருது வழியா நிர்வாகத்துல நுழைஞ்சு தமிழ் உருவம் எடுத்துக்கிச்சு. இந்தியில இன்னைக்கும் ரிப்பேருக்கு மரம்மத்துன்னுதான் சொல்றாங்க, கேரளாவுல பொதுப்பணித்துறைக்குப் பேரே பொதுமராமத்து வகுப்பு. ஆக ஏரித் தண்ணிய அனுபவிக்கிற குடிங்களே அந்த ஏரியையும் வரத்துக்கால் (ஏரிக்குத் தண்ணி கொண்டுவர்ற வாய்க்கால்), மடை, கரை எல்லாத்தையும் பழுதுபாத்துக்கிட்டா அது குடிமராமத்து.

வேலை எப்படி நடக்கும்னா, கோடையில ஏரி வத்துனதும் வண்டல வெட்டி அவங்கவங்க வயலுக்கே வண்டியில அடிப்பாங்க, வயலுக்கு உரமாச்சு, ஏரிக்கும் ஆழம் கூடுச்சு. மழைக்கு முன்னாடி வரத்துக்கால்ல மண்டிக்கிடக்குற செடிகொடிய வெட்டிவிடணும், கரையில எலி வளை, நண்டு வளை இருந்தா அடைக்கணும். நிலம் எவ்வளவோ அதுக்கு ஏத்த மாதிரி ஆள் அனுப்பணும்.

ஆனா பழுதுபாக்குறதோட முடியல, தண்ணிய யாரு எவ்வளவு எடுக்கலாம்ங்கற கட்டுப்பாடும் இதோட ஒட்டிக்கிட்டு வரும். நம்ம ஏரிங்க நிறைய சங்கிலி மாதிரி ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு இருக்கு, மேல் ஏரி நிரம்பி கலிங்குல, அதாவது மிச்சத் தண்ணி வெளியேற கட்டின கல் தடுப்புல, வழியுற தண்ணிதான் கீழ் ஏரிக்கு வரத்து. மேல இருக்கறவங்க பேராசைப்பட்டு கலிங்குக் கல்லு மேல ஒரு சாண் மண்ணு வச்சு உசத்திட்டாங்கன்னா கீழ் ஊர் காஞ்சு போகும், அதனால கலிங்கு உசரம் பெரிய சண்டைக்கெல்லாம் காரணமா இருந்திருக்கு. ஊருக்குள்ள முறை வச்சு மடை திறக்க நீர்க்கட்டின்னு ஒரு ஆள் இருப்பாரு, தெற்குப் பக்கம் சில ஊர்ல மடைக்குடும்பன்னு சொல்லுவாங்க. அறுவடை சமயத்துல ஒவ்வொரு வயல்லயும் அவருக்கு இவ்வளவு நெல்லுன்னு கூலி. பல ஊர்ல அவரு சொந்த நிலம் இல்லாத தலித் குடும்பத்துக்காரரு, எந்த வயல் பக்கமும் சாய மாட்டாருன்னு நம்பி விட்டாங்க. ஏரியோட ஒவ்வொரு அங்குலமும் தெரிஞ்ச மனுசனுக்கு ஊர்க் கூட்டத்துல சம இடம் கொடுக்கலைங்கறதையும் சேர்த்துதான் சொல்லணும். அந்தக் காலத்துல எல்லாம் சுபிட்சமா இருந்துச்சுன்னு எழுதறவங்க இதை விட்டுடறாங்க, எனக்கு அது வருத்தமா இருக்கு.

வெள்ளைக்காரன் காலத்துல வரி வசூலும் பெரிய வேலைகளும் சர்க்கார் கைக்குப் போச்சு, உழைப்பு மட்டும் குடிங்க தலையில நின்னுச்சு. 1858-ல மெட்ராஸ் கட்டாய உழைப்புச் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க, வழக்கமா செய்யவேண்டிய வேலைக்கு ஆள் வராட்டி அந்த உழைப்போட மதிப்புல ரெண்டு மடங்கு கட்டணும். ஊர் தானா கூடிச் செஞ்ச ஒரு விஷயம் தண்டனைக்குப் பயந்து செய்யற விஷயமா மாறினதும் அதுல உசிரு போயிருச்சு. 2017 திட்டத்துலயும் செலவுல 10 சதவீதத்தை ஆயக்கட்டு (அந்த ஏரித் தண்ணியில பாயற நிலம்) விவசாயிங்க பணமாவோ உழைப்பாவோ தரணும்னு வச்சாங்க, ஆனா ஏரியில என்ன செய்யணும்னு தீர்மானிக்கிறதுல ஊருக்கு எவ்வளவு பங்குங்கறதுதான் முக்கியமான கேள்வி.

சரி, மராமத்துங்கற சொல் வர்றதுக்கு முன்னாடி தமிழ்ல இதுக்கு என்ன பேரு? சோழர் காலத்துலயே இருக்கு. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டுல, 919, 921 வருஷத்து சாசனத்துல, ஏரி வாரியம்னு வருது, அதாவது ஏரியைக் கவனிக்கிற ஊர்ச் சபைக் குழு. குடவோலை போட்டு 6 பேரைத் தேர்ந்தெடுப்பாங்க, பதவி 360 நாள், பொறுப்புல இருந்துட்டு கணக்குக் காட்டாதவன் மறுபடி நிக்கவே முடியாது, அவன் சொந்தக்காரனும் நிக்க முடியாது. அது நிலம் வச்சிருந்த பிராமணர் சபைதான், எல்லாருக்கும் திறந்த கதவு இல்ல. ஏரிப் பராமரிப்புக்குன்னே விட்ட நிலத்துக்கு ஏரிப்பட்டி, வாங்குன வரிக்கு ஏரி ஆயம். பொது வளத்தை அதைப் பயன்படுத்துறவங்களே விதி போட்டு, அவங்களே கண்காணிச்சு, தப்பு செஞ்சா தண்டிச்சுக் காப்பாத்த முடியும்னு நிறைய நாட்டு உதாரணங்களோட காட்டினதுக்குத்தான் அமெரிக்க ஆய்வாளர் எலினோர் ஆஸ்ட்ரம் அம்மாவுக்கு 2009-ல பொருளாதார நோபல் கிடைச்சுது. இங்க கல்லுல வெட்டி வச்சிருக்கறதுல பாதி அதுதான்.

மராமத்துக்கு மட்டும் தமிழ் வேணும்னா செப்பனிடுதல், பழுதுபார்த்தல், சீரமைப்பு எதுவும் சரி. குடிமராமத்து முழுசுக்கும் குடிகள் செப்பனிடுதல்னு சொல்லலாம், கொஞ்சம் நீளம்தான் ஆனா யாரு செய்யறாங்கன்னு அதுல இருக்கு. வெறும் நீர்நிலை சீரமைப்புன்னு எழுதுனா குடி காணாம போயிடும். கான்ட்ராக்டர் ஜேசிபி வச்சு மண்ணு அள்ளிட்டுப் போறதுக்கு ஏரி சீரமைப்புன்னே எழுதுங்க, ஆயக்கட்டுக்காரங்களும் நீர்க்கட்டியும் நிலமில்லாத குடும்பங்களும் உக்காந்து முடிவெடுத்து, வேலைய பிரிச்சு, கணக்கையும் ஊர்லயே படிக்கற இடத்துக்கு மட்டும் குடிமராமத்துங்கற பேரை வைங்க.