'சமூகப் பாதுகாப்பு வலை' வேண்டாம், 'சமூகக் காப்பு' போதும்

அகதிகள் நலன் பற்றித் தமிழில் வரும் அறிக்கைகளில் 'சமூகப் பாதுகாப்பு வலை' என்ற தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. வறுமையில் விழுபவரைத் தாங்கும் அரசு உதவிகளைக் குறிக்கும் சோஷியல் சேஃப்டி நெட் என்ற ஆங்கிலத் தொடரின் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. சர்க்கஸில் உயரத்தில் ஆடுபவர் தவறினால் தாங்கக் கீழே கட்டும் வலைதான் மூலப் படிமம். நம் கழைக்கூத்தாடியின் கயிற்றுக்குக் கீழே வலை ஏது? தமிழில் வலை பிடிப்பதற்கே. மீனுக்கு வீசுவோம், மானுக்கு விரிப்போம். 'வலையில் விழுந்தான்' என்றால் மாட்டிக்கொண்டான் என்று பொருள். தப்பியவனைப் போலீஸ் 'வலைவீசித் தேடுகிறது'. நாடிழந்து வந்தவர்களை 'வலைக்குள் கொண்டுவர வேண்டும்' என்று எழுதுபவர், எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாலே போதும்.

வலையை வெட்டிவிட்டு 'சமூகப் பாதுகாப்பு' என்று நிறுத்தினாலும் தெளிவு வராது. அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். முதியோர் உதவித்தொகையைப் பார்ப்பவர் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். சிறார் இல்லங்களைக் கவனித்த துறைக்கும் நெடுங்காலம் சமூகப் பாதுகாப்புத் துறை என்றே பெயர். அகதிகள் சட்டத்தில் 'பாதுகாப்பு' என்றால், முதன்மையாக, ஆபத்துள்ள நாட்டுக்குத் திருப்பி அனுப்பாமை. இலங்கைத் தமிழர் முகாமில் வாழ்பவருக்கோ அந்தச் சொல், முகாம்களைக் கண்காணிக்கும் கியூ பிரிவு போலீஸை நினைவூட்டும்.

'கா' என்ற வேரிலிருந்து காத்தல், காவல், காப்பு. 'சமூகக் காப்பு' என்றால் முடிந்தது. காப்பீட்டோடு குழம்பும் என்பது வழக்கமான மறுப்பு. பிரீமியம் கட்டிப் பெறுவது காப்பீடு. அது காப்பின் ஒரு கிளை. உறவு தெரிவது நல்லதுதானே.

இதைவிட உறுத்துவது, முகாம்வாசிகளுக்கு அரசு மாதாமாதம் தரும் தொகைக்கு வைத்த 'பணக்கொடை' என்ற பெயர். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு இலங்கைத் தமிழர் முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, 12 வயதுக்குட்பட்டோருக்கு 500 என்று தொகையையும் உயர்த்தியது. பெயரில் அவ்வளவு அக்கறை காட்டியவர்கள் தொகையை மட்டும் 'கொடை' என்றே விட்டுவிட்டார்கள். கொடை என்றால் கொடுப்பவர் மனம். 'வாழ்வூதியம்' என்று எழுதலாம், குறைந்தது 'உதவித்தொகை' என்றாவது எழுதலாம்.

அடுத்தது, எங்கும் தூவப்படும் 'ஒருங்கிணைந்த வளர்ச்சி'. உதவித்தொகையும் வேலையும் படிப்பும் ஒன்றையொன்று தடுக்காமல் இருக்கவேண்டும் என்பதே அதன் சாரம். தடுப்பது எப்படி? முகாம் இளைஞர்கள் பலருக்குப் பெயின்டிங் கூலிதான் பிழைப்பு. அதற்காக வெளியூர் போய் வாரக்கணக்கில் தங்கவேண்டும். மாதக் கணக்கெடுப்பன்று முகாமில் இல்லாவிட்டால் தொகை நின்றுபோகலாம். அதனால் கூலியை விட்டுவிட்டு ஓடிவரவேண்டும். பொறியியல் படித்தவருக்கும் குடியுரிமை இல்லாததால் அரசு வேலைக்கு வழியில்லை. அவரும் பெயின்ட் வாளியைத் தூக்குகிறார். உதவித்தொகையும் வேலையும் படிப்பும் தனித்தனியாக ஓடுவதன் விளைவு இது.

'ஒருங்கிணைந்த வளர்ச்சி'க்குப் பதில் 'சமூகக் காப்பை வளர்ச்சிப் பணிகளோடு இணைத்தல்' என்று தலைப்பிடுங்கள். அதற்குக் கீழே, 'வேலைக்கு வெளியூர் போனாலும் உதவித்தொகை நிற்காது' என்று எழுதுங்கள். முகாமில் இருப்பவருக்கு அது உடனே புரியும்.