பொன்னிறமான வெள்ளை ஒயினைக் கொட்டிவிடாதீர்கள்

சிட்னியில் ஓர் உணவகத்தில் ஒயின் பரிமாறுவதும் அங்குள்ள ஒயின் அறையைப் பராமரிப்பதும் என் வேலை. பழைய வெள்ளை ஒயினைப் பற்றி இரண்டு விதமான தவறான எண்ணங்களை அடிக்கடி பார்க்கிறேன். அருமையாக முதிர்ந்த ஒயினைக் கெட்டுவிட்டதாக நினைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள் சிலர். உண்மையிலேயே கெட்டுப்போனதை, பழசென்றால் அப்படித்தான் இருக்கும் என்று சகித்துக்கொண்டு குடிக்கிறார்கள் வேறு சிலர். காசு கொடுத்து வாங்கியவருக்கு இரண்டுமே நஷ்டம். கொஞ்சம் விவரம் தெரிந்தால் தவிர்க்கக்கூடிய நஷ்டம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு நன்றாகத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன். சிட்னிக்கு வடக்கே சுமார் 160 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது ஹன்டர் பள்ளத்தாக்கு. வெள்ளை ஒயினுக்கு வாகான ஊர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வெயில், புழுக்கம், போதாததற்கு அறுவடைக் காலத்தில் மழை. மழை வந்து பழத்தை அழுகவைக்கும் முன் பறித்துவிட வேண்டும் என்று ஜனவரிக் கடைசியிலேயே செமியோன் திராட்சையை வெட்டத் தொடங்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் பழத்தில் சர்க்கரை குறைவு, புளிப்பு அதிகம். அதனால் ஆல்கஹால் 10 அல்லது 11 சதவீதத்தோடு நின்றுவிடும். எஃகுத் தொட்டியில் நொதிக்கவைத்து, சில மாதங்களிலேயே பாட்டிலில் அடைத்துவிடுவார்கள். மரபான ஹன்டர் செமியோன் ஓக் பீப்பாயின் பக்கமே போவதில்லை.

இளசாக இருக்கும்போது அது கிட்டத்தட்ட தண்ணீர் நிறம், ஓரத்தில் லேசான பச்சை. எலுமிச்சைத் தோல் வாசம், பல் கூசும் புளிப்பு, அவ்வளவுதான். நான்கைந்து வருடம் ஆனால் இன்னும் ஏமாற்றம்: இளமை வாசம் போயிருக்கும், முதுமை வாசம் வந்திருக்காது. இந்த ஊமைப் பருவத்தில் திறந்து குடித்துவிட்டு, 'ஹன்டர் செமியோனில் ஒன்றுமே இல்லை' என்று முடிவு கட்டியவர்கள் பலர். பத்து வருடத்தைத் தாண்டியதும் அதே ஒயின் பொன்னிறமாகி, வாட்டிய ரொட்டி, தேன், தேன்மெழுகு, வறுத்த பருப்பு என்று மணக்கும். ஓக் பீப்பாயில் வைத்ததா என்று கேட்காத விருந்தினர் குறைவு. இல்லை என்றால் நம்பமாட்டார்கள். அந்த வறுபட்ட வாசம் முழுக்க முழுக்கப் பாட்டிலுக்குள்ளேயே உருவானது. டிரெல்ஸ் நிறுவனத்தார் 1963 முதல் செய்துவரும் 'வாட் 1' செமியோன் இதற்குப் பேர்போனது. அவர்களே அதைச் சில வருடம் வைத்திருந்துதான் விற்பனைக்கு விடுகிறார்கள்.

ஆல்கஹாலும் குறைவு, பீப்பாயும் இல்லை, பிறகு எது இதை இருபது வருடம் தாங்கவைக்கிறது? புளிப்புதான். இந்த ஒயினின் பிஎச் அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) பெரும்பாலும் 3-ஐ ஒட்டியே இருக்கும். பாதுகாப்புக்காகச் சேர்க்கும் சல்ஃபர் டை ஆக்சைடு எவ்வளவு வேலை செய்யும் என்பது பிஎச்-ஐப் பொறுத்தது. பிஎச் 3.0-ல், ஒயினின் மற்ற பொருள்களோடு பிணையாமல் தனித்திருக்கும் சல்ஃபர் டை ஆக்சைடில் ஏறக்குறைய 6 சதவீதம் நுண்ணுயிர்களைத் தடுக்கும் வடிவத்தில் இருக்கும். 3.5-க்குப் போனால் அது 2 சதவீதமாகச் சுருங்கிவிடும். புளிப்பு அதிகமானால் ஆக்சிஜன் ஒயினைத் தாக்கும் வேகமும் குறையும். மழைக்குப் பயந்து சீக்கிரம் பறித்த பழம், பறித்தவர்கள் எதிர்பாராத ஆயுளை ஒயினுக்குக் கொடுத்துவிட்டது என்றே நான் பார்க்கிறேன்.

இனி நிறம். சிவப்பு ஒயின் வயதாக ஆக வெளுக்கும், வெள்ளை ஒயின் அடர்ந்துகொண்டே போகும். வெளிர்ப் பச்சையிலிருந்து வைக்கோல், வைக்கோலிலிருந்து பொன். ஒளி ஊடுருவி மின்னும் பொன்னிறம் என்றால் கவலை வேண்டாம். மங்கிய பழுப்பு என்றால் சந்தேகப்படுங்கள். ஆனாலும் நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. மூடி எவ்வளவு காற்றை உள்ளே விட்டது என்பதும் அதில் கலந்திருக்கிறது. ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனம் 1999 அறுவடையின் ஒரே செமியோனை 14 வகை மூடிகளில் அடைத்து வைத்துப் பார்த்தது. பத்து வருடம் கழித்து அந்தப் பாட்டில்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். திருகு மூடி போட்டது வெளிர் மஞ்சள். செயற்கைத் தக்கை போட்டவற்றில் சில கரும்பழுப்பு. உள்ளே ஊற்றியது அதே ஒயின்தான். திருகு மூடியைப் பார்த்து மட்டமான சரக்கு என்று முகம் சுளிப்பவர்களுக்கு அந்தப் படத்தை நான் கைபேசியில் காட்டுவதுண்டு.

அதிகம் திரும்பி வருவது ரீஸ்லிங் என்ற திராட்சையில் செய்த பழைய ஒயின். "ஏம்மா, இதுல மண்ணெண்ணெய் வாடை அடிக்குதே, பாட்டில்ல எதையாவது ஊத்தி வெச்சிருந்தாங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "அங்கிள், அது ரீஸ்லிங்கோட வயசு வாசம். ரெண்டு நிமிஷம் கிளாஸ்லயே இருக்கட்டும், அப்புறம் குடிச்சுப் பாருங்க" என்றேன். அவர் நுகர்ந்ததில் பிசகே இல்லை. சுருக்கமாக டிடிஎன் எனப்படும் ஒரு சேர்மம்தான் அந்த வாடைக்குக் காரணம். வெயில் பட்ட திராட்சைத் தோலில் உள்ள கரோட்டினாய்டுகளிலிருந்து அதன் மூலப்பொருள்கள் உருவாகும். பிறகு பாட்டிலில் அமிலம் அவற்றை வருடக்கணக்கில் மெல்ல மெல்ல உடைத்து வெளியே விடும். வெயில் அதிகமுள்ள தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளேர், ஈடன் பள்ளத்தாக்குகளின் ரீஸ்லிங்கில் இது சீக்கிரமே தலைகாட்டும். ஜெர்மனியின் மோசெல் ஆற்றங்கரை ரீஸ்லிங்கில் நிதானமாக வரும். தக்கை இந்தச் சேர்மத்தில் கொஞ்சத்தை உறிஞ்சிக்கொள்ளும், திருகு மூடி அப்படியே விட்டுவைக்கும். எலுமிச்சையும் தேனும் பின்னால் இருந்து தாங்கினால் இந்த வாசம் ஒயினுக்கு அழகு. மண்ணெண்ணெய் மட்டும்தான் இருக்கிறது, பழமே இல்லை என்றால் அந்த ஒயின் தன் காலத்தைத் தாண்டிவிட்டது. தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

பாட்டில் அடியில் கண்ணாடித் துகள் கிடக்கிறது என்று பதறுகிறவர்களும் உண்டு. அவை பொட்டாசியம் பைடார்ட்ரேட் படிகங்கள். நம் வீட்டுப் புளியைப் புளிக்கவைக்கும் அதே டார்டாரிக் அமிலம் குளிரில் இறுகி உப்பாகப் படிந்ததுதான். கெடுதல் ஒன்றும் இல்லை. பாட்டிலைக் கொஞ்ச நேரம் நிமிர்த்தி வைத்து மெதுவாக ஊற்றினால் கிளாசுக்குள் வராது.

அப்படியென்றால் உண்மையிலேயே கெட்டது எது? நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் கெட்ட தக்கையின் வாடை ஒயினில் ஏறியிருக்கிறது, எந்த வயது ஒயினுக்கும் அது குற்றமே. காடி வாடை, நகப்பூச்சு வாடை வந்தாலும் அப்படித்தான். வெட்டி வைத்துக் கறுத்துப்போன ஆப்பிள் வாசமும், வாயில் வைத்ததும் தட்டையாக, உயிரில்லாமல் முடிந்துபோகும் சுவையும் சேர்ந்து வந்தால் ஆக்சிஜன் வேலையை முடித்துவிட்டது என்று பொருள். நான் கடைசியாக நம்புவது நாக்கைத்தான். முதிர்ந்த ஒயினில் புளிப்பு குறையாமல் நிற்கும். விழுங்கிய பிறகும் வாயில் நீர் ஊறும். செத்த ஒயினில் அது இருக்காது.

விலை உயர்ந்தது என்பதும் உத்தரவாதம் இல்லை. பிரான்சின் பர்கண்டி வெள்ளை ஒயின்களில், 1990-களின் நடுப்பகுதி அறுவடைகளிலிருந்து, இருபது வருடம் நிற்க வேண்டியவை ஏழெட்டு வருடத்திலேயே பழுத்துப் பழுப்பானது ஒயின் உலகையே உலுக்கியது. ஒரே பெட்டியில் ஒரு பாட்டில் அமிர்தம், பக்கத்துப் பாட்டில் குப்பை. தக்கை, குறைந்த சல்ஃபர், பழம் பிழியும் முறை என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. எல்லாப் பழியையும் ஒன்றன் மேல் போட முடியவில்லை. அதனால் விலை உயர்ந்த பழைய பர்கண்டி வாங்குகிறவர்களிடம், ஒரே ஒரு பாட்டிலை நம்பி விருந்து ஏற்பாடு செய்யாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் வைப்பது பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே உள்ள அலமாரிதான் வீட்டிலேயே மோசமான இடம். கீழிருந்து சூடு, நாள் முழுக்க அதிர்வு. 12 முதல் 14 டிகிரியில் பத்து வருடம் எடுக்கும் மாற்றம், 25 டிகிரியில் சில வருடங்களிலேயே நடந்துவிடும். அதுவும் அதே அழகோடு நடக்காது. வெப்பம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் தக்கை தளர்ந்து காற்று புகும். நிறமற்ற கண்ணாடிப் பாட்டிலுக்கு வெளிச்சமும் எதிரி. குளுமையான, இருட்டான இடம் வீட்டில் இல்லையென்றால், முதிர்ந்த ஒயினை நம்பகமான கடையில் ஏற்கெனவே முதிர்ந்த நிலையிலேயே வாங்குங்கள். கூடுதல் விலைதான், ஆனாலும் வீட்டில் வைத்துக் கெடுத்துக்கொள்வதைவிட மலிவு.

ஒரு செய்தியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பழைய ஒயின் உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கையை விருந்துகளில் அடிக்கடி கேட்கிறேன். வயது ஆல்கஹாலை மாற்றுவதில்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்துவிட்டது. ஆஸ்துமா உள்ள சிலருக்கு, ஒயினில் பாதுகாப்புக்காகச் சேர்க்கும் சல்ஃபைட்டும் ஒத்துக்கொள்ளாது. பழைய ஒயினை ரசிப்பதற்கு ஒரு சின்ன கிளாஸ் போதும். அதையும் ஐஸ் போலக் குளிரவைக்காமல் 10 முதல் 12 டிகிரியில் பரிமாறினால்தான் வாசம் எழும்.

முதிரவைக்க விரும்புகிறவர்கள் ஹன்டர் செமியோன், ரீஸ்லிங், பிரான்சின் லுவார் ஆற்றங்கரை ஊரான வூவ்ரேயின் ஒயின், ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் மார்சான் திராட்சையில் செய்த ஒயின் என்று தேடுங்கள். ஒரே அறுவடையில் ஆறு பாட்டில் வாங்கி, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒன்றாகத் திறந்தால் ஒயின் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஊமைப் பருவத்தில் சிக்கினால் அவசரப்படாமல் மூன்று வருடம் கழித்து அடுத்ததைத் திறங்கள். கடையில் விற்கும் வெள்ளை ஒயினில் பெரும்பகுதி இந்தக் கணக்கிலேயே சேராது. சாதாரண விலையில் வரும் சாவிஞான் பிளாங்க், பினோ கிரிஜியோ, ப்ரொசெக்கோ எல்லாம் வாங்கிய ஓரிரு வருடத்தில் குடிப்பதற்காகவே செய்யப்பட்டவை. யாரோ கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுத்தது என்று அலமாரியில் பத்திரப்படுத்தி வைத்திருந்தால், இந்த வாரக் கடைசியிலேயே திறந்துவிடுங்கள்.