சொல் விளக்கம்: டயர், பட்டன், பனிக்கால உருளிப்பட்டை

ஹூஸ்டனில் இருக்கும் என் அக்கா மகனுக்குக் கனடாவில், எட்மன்டன் நகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. சாமான்களை ஏற்றிக்கொண்டு தன் பிக்கப் டிரக்கிலேயே போகப் போகிறானாம். "டயர்ல பட்டன் எல்லாம் புதுசா இருக்கு மாமா, அது போதாதா?" என்று போனில் கேட்டான். நான் கடலூர்க்காரன். உறைபனியை ஃப்ரிஜ்ஜுக்குள்தான் பார்த்திருக்கிறேன். அவன் சொன்ன இரண்டு சொற்கள் மட்டும் மனசிலேயே நின்றுவிட்டன.

'டயர்' என்பது உடையைக் குறிக்கும் 'அட்டயர்' என்ற ஆங்கிலச் சொல்லின் தலை வெட்டுப்பட்ட வடிவம். 15ஆம் நூற்றாண்டு வாக்கில் மரச்சக்கரத்தின் விளிம்பில் இரும்புத் தகடு அடித்தார்கள். சக்கரத்துக்கு உடுத்திவிட்ட மாதிரி இருந்ததால் அந்தப் பேர். களைத்துப் போவதைச் சொல்லும் 'டயர்' வேறு சொல், இதற்கு உறவில்லை. 1888இல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட்டில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சுற்றியபோது, இரும்பின் பேர் அப்படியே ரப்பருக்கும் வந்துவிட்டது.

தரையில் பதியும் ரப்பர்க் கட்டங்களை நம் டயர் கடைகளில் பட்டன் என்கிறோம். அது தேய்ந்துபோனால் மொட்டை டயர். உடுப்பு என்று தெரியாமலேயே அதற்குப் பட்டன் வைத்த ஆள் யாரோ, கெட்டிக்காரர்தான்.

புதுச்சேரிப் பக்கம் போனால் பிரெஞ்சு வேறு கதை சொல்கிறது. அதில் டயருக்கு 'ப்னெ' என்று பேர். மூச்சு, காற்று என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் பழைய இரும்பு வளையத்தை அவர்கள் 'பந்தாஜ்' என்பார்கள். புண்ணுக்குக் கட்டும் கட்டுக்கும் அதே சொல்தான். ஆக அவர்களுக்கும் அது சுற்றிக் கட்டுகிற ஒரு பட்டைதான்.

நமக்கும் அப்படியே. கட்டை வண்டிச் சக்கரத்தில் நடுவே குடம், அதிலிருந்து ஆரக்கால், ஓரத்தில் வட்டை. வட்டையின் மேல் இரும்புப் பட்டை. பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, விரிந்திருக்கும்போதே மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். புஸ்ஸென்று ஆவி கிளம்பப் பட்டை சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். ரப்பர்ச் சக்கரம் வந்தபோது 'பட்டை' என்ற இந்தப் பேரை அதற்குக் கொடுக்காமல் விட்டுவிட்டோம். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் வண்டி 'டயர் வண்டி' ஆனது. ஆங்கிலத்தில் இரும்புப் பட்டையும் டயர்தான். நம்மூரில் டயர் என்றால் ரப்பர் மட்டும்.

தமிழில் எழுத 'உருளிப்பட்டை' நல்ல சொல். சக்கரத்தை 'உருளி' என்பது பெரும்பாணாற்றுப்படை காலத்து வழக்கு. அங்கே அது உப்பு வணிகரின் வண்டிச் சக்கரம். டயரைச் 'சக்கரம்' என்றே எழுதுகிறவர்களும் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. கழற்றி மாற்றுவது பட்டையைத்தான், சக்கரத்தை அல்ல. (சக்கரத்தோடு மாற்றினால் அது ஸ்டெப்னி. வேல்ஸில் லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904இல் பிறந்த சரக்கு. அந்தத் தெருவின் பேரை நம் லாரிக்காரர்கள் தினமும் சொல்கிறார்கள்.)

சரி, மருமகன் கேள்விக்கு வருகிறேன். அவனுக்கு வேண்டியதைப் 'பனி டயர்' என்று சொன்னால் பாதிதான் சரி. பனி கொட்டும் நாளுக்கு மட்டும் என்று தோன்றிவிடும். உண்மையில் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே சாதாரண ரப்பர் விறைக்கத் தொடங்குகிறது. ரோடு காய்ந்திருந்தாலும் பிடி குறையும். எட்மன்டனிலோ மைனஸ் 30 வரை இறங்கும் நாட்கள் உண்டு. அவனுடைய பட்டன் எவ்வளவு புதுசாக இருந்தாலும், ரப்பர் கல்லாகிவிட்டால் என்ன பயன்? குளிரிலும் இளகியே இருக்கும் கலவை வேண்டும். பட்டனுக்குள் மயிரிழை போன்ற கீறல்களும் வேண்டும். பனியைக் கவ்வுவது அந்தக் கீறல்களின் விளிம்புதான்.

அதனால் 'பனிக்கால உருளிப்பட்டை' என்பேன். நமக்குப் பனி என்பது மார்கழிக் கோலத்தை நனைக்கிற ஈரம் மட்டுமில்லை. 'பனித்தல்' என்றால் குளிரில் நடுங்குவதும்தான். அங்கே பொழிவதும் அதில் அடங்கும், வெறும் குளிரும் அடங்கும்.

டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் அடையாளத்தில்தான் ஏமாற்று இருக்கிறது. 'எம் ப்ளஸ் எஸ்' என்றால் சேறும் பனியும். பள்ளங்களின் அமைப்பை வைத்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளும் எழுத்து. எல்லாப் பருவத்துக்கும் என்று விற்கும் டயரிலும் அது இருக்கும். மூன்று சிகர மலையும் அதற்குள் பனிப்பூவும் இருந்தால்தான் பனித்தரையில் சோதித்துத் தேறியது என்று பொருள். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இத்தகைய டயர் கட்டாயம். எட்மன்டன் இருக்கும் ஆல்பர்ட்டாவில் அப்படிச் சட்டம் இல்லை. ஆனால் பனிக்குச் சட்டம் தெரியாதே.

"மலைப்படம் போட்டதாப் பார்த்து நாலையும் மாத்துடா. சாமான் ஏத்துற வண்டி, பிளை, அதான் எடை தாங்குற பலம், எவ்வளவுன்னும் பாரு" என்றேன். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்று பெருமைப்பட்டான். இழுக்கும், சரி. பிரேக் போட்டால் நிற்க வைப்பது டயர்தானே.

"அப்போ இப்ப இருக்கிற நாலையும் தூக்கிப் போட்டுடவா மாமா?"

"எதுக்கு? மூட்டை கட்டி வை. வைகாசியில அதை மாட்டிக்கலாம்."